எலுமிச்சைத் தோல் குறைத்த பொடி

என்னங்க,

கேட்டபடி தலைக்குத் தேய்க்கும் பொடி அனுப்பியிருக்கிறேன். வெந்தயமும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் நானே அரைத்தது. போன மாதம் ஒரு டப்பா போதும் என்றீர்கள், இப்போது மூன்று. வேலை செய்யும் ஊரில் புழுதி அதிகம் போலிருக்கிறது.

“தோலைக் கொஞ்சம் குறைச்சுக்கோ, நுனிமுடி வறண்டு போகுது” என்று போனில் சொன்னீர்களே, குறைத்துவிட்டேன்.

பொட்டலம் கட்டும்போது உங்கள் தங்கை எட்டிப் பார்த்தாள். “அண்ணனுக்கா அண்ணி இவ்வளவும்?” என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் கட்டக் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. முடி தோள் வரையா, இடுப்பு வரையா என்று மட்டும் எழுதுங்கள், அதற்கேற்ப அரைக்கிறேன். உங்கள் வழுக்கைக்கு ஈரத்துணியே போதும்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் இருக்கும் மனைவி