நான்காம் வகுப்பின் காவல்

ஜனவரி 22, புதன்

சுபிக்ஷாவுக்குக் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. அரை மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். ஏப்ரலிலிருந்து ஒரு நாள்கூட லீவ் போடாத பெண். கல்கத்தாவில் வேலைக்குப் போகும் ஹவுரா படகில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் இதைப் பீற்றிக்கொள்வேன். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன பெருமை? அவள் அம்மா பத்மஜா, "சூடு இருக்கே, இன்னிக்கு வேண்டாமே" என்றாள். "பத்து மணிக்குள்ள இறங்கிடும்" என்றேன். பெரிய டாக்டர்!

ஜனவரி 23, வியாழன்

நேதாஜி பிறந்த நாள், பள்ளி இல்லை. தலை வாரும்போது பத்மஜா பார்த்தாள். கழுத்தில், முதுகில் நீர் கோத்த கொப்புளங்கள். அம்மைதான் என்றார் டாக்டர். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம், "அம்மா வந்திருக்கா" என்போம். வெளியாரிடம் அதுவும் கிடையாது. காளிகாட் சந்தையில் வேப்பிலை வாங்கிவந்து வாசலில் செருகினேன். பள்ளிக்கு வயிற்றுவலி என்று லெட்டர் எழுதினேன்.

சுபிக்ஷா படித்துவிட்டாள்.

"இது பொய்ப்பா."

"சின்னப் பொய்தாம்மா."

"தியாஷா என் பக்கத்துல உக்கார்றா."

பிறகுதான் விஷயம் வந்தது. தியாஷாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறாம். அதற்குச் சாப்பிடும் மாத்திரை, நோயைத் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடுமாம். மற்றவர்களுக்கு அரிப்போடு போகிற அம்மை அவள் உயிருக்கே ஆபத்து. அதனால் சளி, காய்ச்சல் என்றால் யாரும் வகுப்புக்கு வரக் கூடாது என்று பிள்ளைகளே பேசி வைத்திருக்கிறார்கள். நாற்பது பேர். பத்து மாதமாக! எனக்கு இன்றுதான் தெரியும்.

"நேத்து நான் போயிருக்கவே கூடாது. நீதான் இறங்கிடும்னு சொன்ன." அழுகை. "மிஸ்ஸுக்குப் போன் பண்ணு. இல்லேன்னா நான் பண்றேன்."

பண்ணினேன். "நேற்றே காய்ச்சல் இருந்ததா?" என்று ஹிந்தியில் கேட்டார் மிஸ். இருந்தது, மாத்திரை கொடுத்து அனுப்பினேன் என்றேன். தியாஷா வீட்டுக்கு உடனே சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 25, சனி

தியாஷாவுக்கு ஊசி போட்டாயிற்று. தொற்று பட்டு நாலு நாளுக்குள் போட்டால் நல்லதாம். ஆனாலும் இருபத்தெட்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அந்த வயிற்றுவலி லெட்டரைக் கொடுத்திருந்தால் — ஐயோ, வேண்டாம்.

ஜனவரி 29

எனக்கும் முதுகு அரிக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்க்கத் திரும்பியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மை இல்லை. பயம்.

பிப்ரவரி 3, திங்கள்

சரஸ்வதி பூஜை. பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது, போகலாம் என்று டாக்டர் சீட்டு கொடுத்தார். மஞ்சள் புடவையில் சுபிக்ஷாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். பிரசாதத்துக்கு முன்னால் குழாயடியில் வரிசை. தள்ளுமுள்ளு இல்லை. ஒவ்வொருவரும் சோப்பு போட்டு, "ஏக், துய், தின்" என்று இருபதுவரை எண்ணித்தான் கையை எடுக்கிறார்கள். இன்று தியாஷா வரவில்லை. யாரும் அவர்களைக் கவனிக்கவும் இல்லை. அப்படியும் இருபது.

நான் நேராகத் தட்டுக்குக் கை நீட்டினேன். ஒரு குட்டிப் பெண் குறுக்கே வந்து என் கையைக் காட்டினாள். "அங்கிள், ஹாத்?"

வரிசையில் போய் நின்றேன். பதினைந்தில் கையை எடுக்கப் பார்த்தேன், பின்னால் இருந்தவன் விடவில்லை. எனக்கு என்னவோ கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு சின்னக் கைகள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. அதில் ஓட்டை போட்டது, பெரியவன் நான் ஒருத்தன்.

பிப்ரவரி 7

வகுப்பில் இரண்டு பேருக்கு அம்மை. என் கைங்கரியம். இரண்டு வீட்டிலும் அன்றைக்கே மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார்களாம். தியாஷாவுக்கு இல்லை. இன்னும்.

பிப்ரவரி 14

இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இருபத்தெட்டு முடிந்து இன்று தியாஷா வருகிறாள். எனக்கு நேற்றிலிருந்து ஜலதோஷம். தெரு முனையிலேயே சுபிக்ஷா நிறுத்திவிட்டாள். "இதுக்கு மேல வராதே. நான் போய்ப்பேன்." எதிர்ச்சாரி டீக்கடையோரம் ஒதுங்கி நின்றேன்.

தியாஷா அவள் அம்மாவோடு ரிக்ஷாவிலிருந்து இறங்கினாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். கேட்டில் நின்றிருந்த கும்பல் ஒரு கூச்சல் போட்டது. யாரும் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அவளைச் சுற்றி ஒரு வட்டமாக நடந்தே உள்ளே கூட்டிப்போனார்கள்.

அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். சாலையைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"தாதா, உங்க பொண்ணு நல்லாயிட்டாளா?" என்றார் வங்காளியில், அண்ணன் என்ற மரியாதையோடு.

நான் இரண்டடி பின்னால் போனேன். மூக்கைக் காட்டி, "ஷர்தி" என்றேன், ஜலதோஷம்.

அவர் சிரித்துவிட்டு அங்கேயே நின்றார். அந்தத் தூரத்தில், ஆட்டோ சத்தத்தில் இருவரும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. பேசினோம்.