கடலூர் முதுநகர் இமயமலை ஏறும் கழகம்

24 மே 1965

வாசகசாலைப் பலகையில் நேற்று நான் ஒட்டிய தாளை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. "கடலூர் முதுநகர் இமயமலை ஏறும் கழகம். ஆட்கள் தேவை. வயது பதினாறு முதல் அறுபது. ஏணி ஏறத் தெரிந்தால் போதும். தலை சுற்றுபவர்கள் தலைவராகலாம்."

எவரெஸ்டில் நம்மவர்கள் ஏறிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து ஊரில் ஒருவரும் தரையில் நடப்பதில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவர் கூட பிராணவாயு பற்றிப் பேசுகிறார். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

27 மே

தாள் போய்விட்டது. எடுத்தவர் சாமிக்கண்ணு சார், சர்க்கார் குமாஸ்தா. கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப நாளா இப்படி ஒண்ணு வேணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். எவனோ நல்லவன் செஞ்சிட்டான்" என்றாராம்.

சாயங்காலமே கழகம் கூடியது. தலைவர்: துறைமுகத்தில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் முஹம்மது இஸ்மாயில் பாய். "குளுர்னா நம்மகிட்டதானே வரணும்?" செயலாளர்: சாமிக்கண்ணு சார். பொருளாளர்: போட்டோ ஸ்டூடியோ சந்தியாகு, என் சொந்தத் தாய்மாமன். மூவரும் ஏறப்போகிறார்களாம். மூவருடைய வயிறும் சேர்ந்தால் நாலாவது ஆள்.

நான் சிரித்து முடிக்க இரண்டு நாளாகும்.

31 மே

சிரிப்பு நின்றுவிட்டது. வாசகசாலையில் ஒரு பழைய அட்லாஸ். வேடிக்கையாகத்தான் திறந்தேன். நம் ஊர் பச்சை. மேலே போகப் போக மஞ்சள், பழுப்பு, அப்புறம் ஒரு வெள்ளை. மூன்று நாளாக அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் போக வேண்டும். என்ன இது? என் பொய் என்னையே கடிக்கிறதா?

கழகத்திடம் போய்ச் சொன்னேன். "சார், அந்தத் தாளை எழுதுனது நான்தான்."

"நீயா? இவ்ளோ நல்ல தமிழா?" என்றார் சாமிக்கண்ணு சார். "போடா."

மாமா வேறு: "வெளாட்டுப் பய பாய் இவன். பாதி மலையில நம்ம கவுத்த அவுத்துடுவான்."

முதல் தடவையாக உண்மை சொன்னேன். அதன் விலை இது.

5 ஜூன்

பயிற்சி நாள். ஐஸ் பேக்டரியின் குளிர் அறையில் மூவரும் அரைமணி உட்கார வேண்டும். ஆறாவது நிமிஷம் சாமிக்கண்ணு சார் கதவைத் தட்டினார். பிறகு ஊரோரத்துச் செம்மண் மேடான கேப்பர் மலையில் ஏற்றம். பாய் பாதி தூரம் ரிக்ஷாவில் வந்தார். ரிக்ஷாக்காரர்தான் உண்மையில் ஏறினார். அவரை யாரும் கழகத்தில் சேர்க்கவில்லை.

மூட்டை தூக்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கே வரை என்று சொல்லவில்லை.

8 ஜூன்

டிக்கெட் வந்துவிட்டது. ஊர் வசூலில் வாங்கிய மூன்று சீட்டு. சிதம்பரத்தில் ஏறி, சென்னை, ஹௌரா வழியாக டார்ஜிலிங். தேதி இருபத்திரண்டு. சாமிக்கண்ணு சார் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம்.

வழி அவரே கண்டுபிடித்தார். பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லையென்றால், நல்ல நாளில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு இன்னொரு வீட்டில் தங்கிவிட வேண்டியது. பிறகு எந்த நாளில் போனாலும் நல்ல நாளில் கிளம்பியதாகத்தான் கணக்கு. பதினொன்றாம் தேதி வெள்ளி, வளர்பிறை. தங்குவது சிதம்பரத்தில் அவர் அக்கா தில்லையம்மாள் வீட்டில். அந்தம்மா காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறார். லீவு, அறைகள் காலி.

"நம்ம பக்கம் இதெல்லாம் இல்ல" என்றார் பாய். "சரி, வெள்ளிக்கெழமதானே. போவோம்."

மாமா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். "அதோட இதுவும் இருந்துட்டுப் போவட்டும்."

11 ஜூன்

வழியனுப்பு விழா. கடலூர் ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம், பதினொரு பேர் வாழ்த்துரை, இரண்டு பேர் நன்றியுரை. மாலை ஆளுக்கு இருபதுக்குக் குறையாது. மலைக்கு ஒரு கால் சேர்த்தால் மாலை. இவர்களுக்கு அந்தக் கால் மட்டும் போதும், சொந்தக் காலை அசைக்க வேண்டாம்.

இமயமலைக்குப் போகும் ரயில் தெற்கே கிளம்பியதை ஒருவரும் கேட்கவில்லை.

15 ஜூன், சிதம்பரம்

தூக்கம், சாப்பாடு, தூக்கம். மாலை வாங்கியவர்கள் வெளியே தலைகாட்ட முடியாது. கடலூர்க்காரன் எவனாவது கோயிலுக்கு வந்தவன் பார்த்துவிட்டால்? பாய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விசிறிக்கொள்கிறார்.

தில்லையம்மாள் அக்கா என்னிடம் கேட்டார். "ஏன்டா தம்பி, இவுங்க ஏறப்போறது மலையா, எம்மேலயா?"

18 ஜூன்

நினைத்தேன். நடந்துவிட்டது. சாமிக்கண்ணு சாருக்கு முழங்கால். பாய்க்கு மீன் சீசன், ஐஸ் ஜாஸ்தி போகிற நேரம். மாமாவுக்கு, கேமரா லென்ஸில் பனி படிந்துவிடுமாம். யாரும் போகவில்லை. ஜூலை நாலாம் தேதி வரை இங்கேயே இருந்துவிட்டு, வரவேற்பு விழாவுக்கு ஊர் திரும்புவது என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

"விழாவுல என்னா பேசறது?" என்று மாமா கேட்டார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா பொய் சொல்லுவியே லூர்து" என்றார் பாய், அத்தனை அன்பாக. ஐஸ் விற்பவர் ஐஸ் வைத்தால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. "பயண அறிக்கை ஒண்ணு எழுதிக் குடு."

"எழுதறேன் பாய். ஒரு டிக்கெட்டு குடுங்க."

சாமிக்கண்ணு சார் முடியாது என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். "எங்கடா?" "கடலூருக்கு. அம்மாவப் பாத்துட்டு, அப்பிடியே வாசகசாலைக்கும்." டிக்கெட் என் கைக்கு வந்தது.

19 ஜூன்

பதினாறு பக்கம். பார்க்காத பனியை எழுதுவது எவ்வளவு சுலபம். பாய் ஒரு பிளவைத் தாண்டுகிறார். மாமா புயலில் படம் பிடிக்கிறார். சாமிக்கண்ணு சார் முழங்காலுக்கு மட்டும் வீரம் கொடுக்கவில்லை.

ஆனால் தனியே எப்படிப் போவது? அம்மா விடுவாளா? அறிக்கையை வாங்கிப் படித்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். "இன்னொரு டிக்கெட்டு சும்மாதானே கெடக்குது? இருபது வருஷமா ஊரான் புள்ளைங்களுக்கு வடிச்சிக் கொட்டறேன். நானும் வரேன். வழியில கங்கையும் பாத்த மாரி ஆச்சி."

"அக்கா, எங்களுக்குச் சோறு?" என்று சாமிக்கண்ணு சார் எழுந்தே விட்டார்.

"பிளவெல்லாம் தாண்டனவரு அந்த பாயி. ஒலை வெக்க மாட்டாரா?"

20 ஜூன், கடலூர்

இருட்டிய பிறகு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி இல்லாமல். நெடுநேரம் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாலைய வாங்கிக்கினு வூட்டுக்குள்ள படுத்திருக்கானா எந்தம்பி?"

"ஆமாம்மா."

"அந்தம்மா மெய்யா கூட வராங்களா?"

"ஆமா."

"இது உன் பொய்யில ஒண்ணு இல்லியே லூர்து?"

என் பேச்சில் எது மெய் என்று அம்மாவுக்கு எதை வைத்துத் தெரியும்? டிக்கெட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கம்பளியோடு வந்தாள்.

25 ஜூன், ஹௌரா

தண்ணீருக்கு இந்தியில் என்ன? ஜனவரிப் போராட்டத்தில் ஸ்டேஷன் பலகையின் இந்திக்குத் தார் பூசியவன் கேட்கிற கேள்வி. அக்கா சொம்பைத் தூக்கிக் காட்டினார், கிடைத்துவிட்டது.

29 ஜூன், டார்ஜிலிங்

மேகம். அக்கா புடவைக்கு மேல், மலைக்கென்று பாய் எடுத்துவந்திருந்த சைகோன் கோட்டு. குளிரில் பல் தந்தியடிக்கிறது.

2 ஜூலை

மேகம். இது மழைக்காலமாம், விடுதிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துச் சைகை காட்டுகிறார். சூலம் பார்த்தவர்களுக்கு மழை பார்க்கத் தோன்றவில்லை. நாலாம் தேதி மத்தியானம் திரும்பும் ரயில். பார்க்காமலே போய்விடுவேனோ?

4 ஜூலை

விடிந்ததும் அக்கா உலுக்கி எழுப்பி வெளியே இழுத்துப்போனார். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் கருநீலமாகக் குன்றுகள். "எங்கக்கா?" என்றேன். அவர் என் மோவாயைப் பிடித்து மேலே தூக்கினார். நான் வானம் என்று விட்டுவைத்திருந்த இடத்தில் அது இருந்தது.

ஒரு கேலி தேடினேன். வரவில்லை.

"இம்மாம் பெருசா இருந்துக்கினு ஒரு சத்தமும் போடல பாரு" என்றார் அக்கா.

பிறகு மேகம் மூடிக்கொண்டது.

இன்று சாயங்காலம் முதுநகரில் வரவேற்பு விழா. ஐந்தாம் பக்கத்தில் பனியை "முத்துக் குவியல்" என்று எழுதியிருக்கிறேன். பாய் நிறுத்தி நிறுத்திப் படிப்பார், கைதட்டுவார்கள். முத்து இல்லை. வேறு எதைப் போல என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாகிறது. அக்கா மூட்டை கட்டி முடித்துவிட்டு, கிளம்பலாமா என்று கேட்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்.