கூரைத் தகரத்துக்கு ஒரு வலை

அக்டோபர் 6, ஞாயிறு

எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

காலையில் பின்பக்கம் தடாலென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஏணி தரையில் கிடக்கிறது. அப்பா கூரை ஓரத்துத் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னல் மேல் தடுப்பில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார். மழைத் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்புவதற்காக அடித்த தகரக் கால்வாய் அது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவரைத் தாங்குவதற்காக அடித்ததல்ல. சுற்றிலும் வாளி கொட்டிய சருகு.

நான் அலறினேன். அப்பா மேலிருந்து அடிக்குரலில் சொன்னது: "கத்தாதே. பின்வீட்ல கேக்கும்."

உயிர் போகிற நேரத்தில் மனிதருக்குப் பின்வீட்டைப் பற்றிக் கவலை!

ஏணியை எப்படி நிமிர்த்தினேன் என்று நினைவில்லை. இறங்கியதும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிச்சுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலையெல்லாம் பின்வீட்டு மரத்துடையது. கிளையை வெட்டச் சொல்லலாமே என்றேன்.

"அடுத்தவங்க மரத்துல கைவைக்க நாம யாரு?" என்று சீறினார். வாசலில் எவனாவது ஸ்கூட்டரை நிறுத்தினால் தெருவையே கூட்டுகிறவர்!

அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். சிந்திய சருகைக் கூட்டி, குப்பையில் போடாமல் சாக்கில் அள்ளினாள். செடிக்கு உரமாம். நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு செடி, அதுவும் பாதி செத்தது.

முடிவு செய்துவிட்டேன். இனி அப்பா ஏணியில் ஏறக் கூடாது. தகரத்துக்குள் இலை விழாதபடி மூடி, வலை, ஏதோ ஒன்று இருக்குமே.

அக்டோபர் 8, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து வரும் வழியில் இரும்புக்கடை. ஒரு தகரத்துக்குள் இலை விழாமலிருக்க உலகத்தில் இத்தனை வழி இருப்பது எனக்குத் தெரியாது. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டார், கல்யாணத்துக்கு ஜாதகம் எடுத்துப் போடுகிற தரகர் மாதிரி.

தகரத்துக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் நீளமான பிரஷ்: "பாட்டில் கழுவுவீங்களே, அதோட பெரியண்ணன். ஆனா அடிக்கடி எடுத்து உதறணும்."

பஞ்சு மாதிரி நுரைக்கட்டி: "முதல் மழைக்கு ஜோரா இருக்கும். ரெண்டாவது மழைக்கு அதுலயே செடி முளைக்கும்."

முழுசாக மூடும் தகடு: "பெருமழைன்னா தண்ணி உள்ள போகாது, தாண்டிக் குதிச்சு உங்க தலைமேல விழும்."

"அப்ப எதுதாங்க நல்லது?"

"பொடிக் கண்ணு கம்பி வலை. இலை மேலயே நிக்கும், காஞ்சா காத்து தள்ளிடும். வருஷத்துக்கு ஒரு தடவை தட்டிவிட்டாப் போதும்."

அதுதான் வேண்டும். வலையும் மாட்டுகிற ஆளும் சனிக்கிழமை வரும்.

வீட்டில் சொன்னேன். அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மேதாவி முடிவு பண்ணியாச்சுன்னா அப்பீல் ஏது" என்றார். குரலில் கேலி இல்லை. ஏதோ பறிபோன மாதிரி இருந்தது. எனக்கு வருத்தமாகிவிட்டது. ஒரு வேலையையும் பிடுங்கிவிட்டால் இந்த வயதில் மனிதர் என்னதான் செய்வார்? ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 12, சனி

வலை போட்டாயிற்று. மேலே ஏறிய ஆள், "தகரம் கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கேம்மா. ஒரு இலை இல்ல. எதுக்கு வலை?" என்றார். போன வாரம் அப்பா அள்ளியதால் இருக்கும்.

அவர் இறங்கும் வரை அப்பா ஏணியடியை விட்டு நகரவில்லை. "மேலேருந்து என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"உங்க தகரம்தான் சார் தெரியுது."

அப்பா "ம்ம்" என்றார்.

அக்டோபர் 13, ஞாயிறு

நல்ல மழை. தண்ணீர் ஒழுங்காகக் குழாயில் இறங்கியது. பின்சுவருக்கு அந்தப்பக்கம் பின்வீட்டுக் குழந்தை வழக்கம்போல வீரிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. படிக்க விடாது. ஆனாலும் நிம்மதி.

அக்டோபர் 16, புதன்

என்ன பார்த்தேன் நான்?

அச்சகத்தில் மின்சாரம் இல்லையென்று மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா ஏணியடியில் நிற்கிறார். வலை போட்ட பிறகும்! அம்மாவின் சாக்கிலிருந்து சருகை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். வாளி நிறைந்தது. நிறைந்த வாளியோடு ஏறினார்.

மேலே கொஞ்ச நேரம் நின்றார். எதையும் செய்யவில்லை. சும்மா நின்றார். பிறகு அதே வாளியோடு, அதே சருகோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் வாளியைக் காட்டி, "பாத்தியா எவ்வளவு இலைன்னு? உன் வலை வேஸ்ட்" என்றார்.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

இலையைத் தானே மேலே கொண்டுபோய், தானே கீழே கொண்டுவருகிற ஒருவருக்கு என்ன ஆகியிருக்கும்? மறதி நோய் இப்படித்தான் தொடங்கும் என்று எங்கேயோ படித்தேனே. படித்ததெல்லாம் இன்றைக்குத்தான் பூதமாக எழுந்து வருகிறது.

அக்டோபர் 17, வியாழன்

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு பக்கம் முழுக்கப் பிழையை விட்டுவிட்டேன். முதல் தடவை.

சாயங்காலம் அப்பாவைச் சோதித்தேன். பழைய ரூட்டில் எந்தெந்த ஸ்டாப் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஒன்று விடாமல் சொன்னார், எந்த ஸ்டாப்பில் எந்தக் கிழவர் சில்லறைக்குச் சண்டை போடுவார் என்பது வரை. அப்புறம், "எதுக்குக் கேக்கிற? டிரைவர் வேலைக்கு மனு போடப்போறியா?"

தலை தெளிவாக இருக்கிறது. பிறகு ஏன் அந்த வாளி?

அம்மாவிடம் சொன்னேன். "உளறாதே. போய் வேலையைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பயமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அக்டோபர் 19, சனி

உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கே ஆரம்பிப்பது?

முழங்கால் காட்ட இருவரும் டாக்டரிடம் போயிருந்தார்கள். மேலே என்னதான் இருக்கிறது என்று நானே ஏணியில் ஏறினேன். வலை சுத்தமாக இருந்தது. பத்து இலை ஒட்டிக்கொண்டிருந்தால் அதிகம். நிமிர்ந்தேன். கீழிருந்து பார்த்தால் சுவரும் மரத்தலையும் மட்டும்தான் தெரியும். மேலேயிருந்து பின்வீட்டுக் கொல்லை முழுசாகத் தெரிந்தது. துணிக்கொடி, கவிழ்த்த வாளி, நடுவில் ஒரு சின்னப் பெண்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏணித் தாத்தா எங்க?"

நான் தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ யாரு? தாத்தாதான் வரணும். வந்து இப்படிப் பண்ணணும்." தலையில் தொப்பி இருப்பதாக வைத்துக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். அப்பாவின் சல்யூட். எதிரே வருகிற பஸ் டிரைவருக்கு அவர் வேலையில் இருந்தபோது அடித்த அதே சல்யூட்!

"யார்கிட்டடி பேசறே?" என்று ஈரத் துணியோடு ஒருத்தி வெளியே வந்தாள்.

அக்கா.

எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா. அவள் விரும்பியவனோடு இந்த வீட்டைவிட்டுப் போன அன்று, "எனக்கு இனிமே ஒரே பொண்ணுதான்" என்று அப்பா சொன்னதற்குப் பிறகு, இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். எங்கேயோ தூர ஊரில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள். எங்கள் தகரத்தில் விழுவது அவள் வீட்டு மரத்தின் இலை. என்னைப் படிக்கவிடாமல் சிரிப்பது அவள் குழந்தை.

அவளும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்வாள்? திட்டுவாளா, அழுவாளா?

"பாத்து இறங்கு. நடுப்படி ஆடும். அப்பா அதைத் தாண்டித்தான் கால் வைப்பாரு."

அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இறங்கும்போது அந்த நடுப்படியிலேயேதான் மிதித்தேன். ஆடியது.

அதே நாள், சாயங்காலம்

அம்மாவைச் சமையலறையில் மடக்கினேன். "உனக்குத் தெரியும்."

அடுப்பைக் குறைத்தாள். "அவங்க குடிவந்த அன்னிக்கே தெரியும். குழந்தை வீரிடறதைக் கேட்டேன். அச்சு அசல் அவளோட குரல். அப்புறம் கடையிலயும் பாத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ நியாயம் பேசுவே. அவர் காதுல விழும். நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா இறங்கிடுவாருடி. அப்புறம் ஏறவே மாட்டாரு. அவளும் அதுக்குத்தான் வாயைத் திறக்காம துணி காயப்போடறா."

"அந்தச் சாக்கு?"

"வெறும் வாளியோட இறங்கினா நல்லாவா இருக்கும்?"

ஆக, மூன்று பேரும் சேர்ந்து ஒரு பொய்யை இத்தனை பத்திரமாக நடத்தியிருக்கிறார்கள். தெரியாதவள் நான் ஒருத்திதான். அதுவும் போதாதென்று நடுவில் போய் வலையைப் போட்டேன்.

கோபமா? தெரியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

டாக்டர் சொன்னாராம்: முழங்கால் தேய்ந்துவிட்டது, ஏணி கூடவே கூடாது. இன்று காலை மறுபடி ஏறினார். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, விழுகிற சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

சொன்னால் குழந்தையை இழப்பார். சொல்லாவிட்டால் ஒருநாள் விழுவார். பின்வீட்டு வாசல் அடுத்த தெருவில்; மருந்துக்கடையைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு நடை. அந்த நடைக்கு அவரிடம் ஒரு சாக்கு இல்லை. அதுதான் விஷயம். ஏற இலை இருந்தது. போக என்ன இருக்கிறது?

அக்டோபர் 23, புதன்

பொய் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், இந்த வீட்டு வழக்கப்படி.

"நீங்க சொன்னது சரிதான்பா. வலை போட்டும் இலை நிக்குது. கடைக்காரர்கிட்ட கேட்டேன். மரத்துக்கு அடியில இருக்கிற வீட்டுத் தகரம் அடைச்சிருந்தா நம்ம வீட்டுக்கும் தொல்லைதானாம். அங்கயும் வலை போட்டாத்தான் தீருமாம். யாராவது போய் அளவு எடுக்கணும். எனக்கு அளக்கத் தெரியாது."

கடைக்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு நியாயமே கிடையாது. பஸ்ஸின் நீள அகலமெல்லாம் கண்ணாலேயே அளந்தவருக்கு அது தெரியாதா?

அம்மாவின் கரண்டி பாத்திரத்தில் அப்படியே நின்றது. அப்பா மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார். எழுந்து கை கழுவப் போனார்.

அக்டோபர் 24, வியாழன்

ஒன்றும் சொல்லவில்லை. ஏணியிலும் ஏறவில்லை. கெடுத்துவிட்டேனா?

அக்டோபர் 26, சனி

ராத்திரி என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மரத்துக்கு நேர் அடியில இருக்கிற வீட்டுக்கு எது தாங்கும்? உன் கம்பி வலையா, அந்த பிரஷ்ஷா?"

அடிக்கடி எடுத்து உதற வேண்டியது எது என்று யோசித்தேன்.

"பிரஷ்பா. ஆனா அடிக்கடி போய்ப் பாத்துக்கணும்."

"பாத்துக்கலாம்" என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் பின்பக்கம் போனேன். ஏணி இல்லை. அம்மா வாசற்கதவைக் காட்டினாள். திறந்தே கிடந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் ஏணியைச் சாய்க்கும் சத்தம். குழந்தை ஏதோ கூவியது. அப்புறம் அக்காவின் குரல்: "நீங்க எதுக்குப்பா ஏறணும், இறங்குங்க, அவர் ஏறட்டும்." அப்புறம் அப்பாவின் குரல், பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற அதே அதட்டல்: "சரி, நான் பிடிச்சுக்கிறேன். ஏறுங்க மாப்பிள்ளை. நடுப்படி ஆடும், தாண்டிக் கால் வையுங்க."