சாயப்பட்டறை வாசலுக்கு மேல் வைத்த இரும்பு

இன்று காலை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சந்து வழியாக வந்துகொண்டிருந்தேன். சாயப்பட்டறையிலிருந்து ஆசிட் கலந்த ஆவி வந்து மூக்கில் ஏறியது. கொதிக்கிற சாயமும் நனைந்த பட்டும் சேர்ந்த அந்த நெடி இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. எனக்கு மட்டும் கால் நின்றுவிட்டது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இனி எழுதத்தான் முடியும்.

ஒரே வகுப்பில் படித்தோம். நான் டிப்ளமோ முடித்துக் கட்டட காண்ட்ராக்ட் எடுக்க வந்தேன். நீ அதற்குள், சுவர் கட்டும் கொல்லத்து வேலையில் பேர் வாங்கிய மேஸ்திரி. நான் பிளான் போடுவேன், நீ சுவர் எழுப்புவாய். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பட்டறையையும் அப்படித்தான் கட்டினோம். பெரிய அண்டாக்கள் உள்ளே போக வேண்டும் என்று முதலாளி பத்தடி அகலத்துக்கு வாசல் கேட்டார். வாசலுக்கு மேலே ஆறடி செங்கல் சுவர். அந்தப் பாரத்தை எதில் நிறுத்துவது என்பதில்தான் நமக்குள் பேச்சு வந்தது.

நீ வாசலுக்குக் குறுக்கே கான்கிரீட் உத்தரம், லிண்டல் போடலாம் என்றாய். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கான்கிரீட் நிற்க வேண்டும், ஆவி உள்ளே போகவே கூடாது என்றாய். இரும்புதான் என்றால் துருப்பிடிக்காத இரும்பாக வாங்கு, ஜி.ஐ. என்கிற துத்தநாக முலாம்கூட இந்த ஆசிட் ஆவிக்கு ரொம்ப நாள் நிற்காது என்றாய். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் கான்கிரீட் போட்டால் மூன்று வாரம் அடியில் கொடுத்த முட்டுக் கழிகளை எடுக்க முடியாது. துருப்பிடிக்காத இரும்பு சென்னையிலிருந்து வர வேண்டும். முதலாளியோ தை மாதம் அடுப்பு மூட்ட நாள் குறித்துவிட்டார். கடையில் கிடந்த சாதா இரும்பு ஆங்கிள் சட்டம் இரண்டை வாங்கி, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, ஏற்றச் சொன்னேன். கதவு நிலையைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புகளும் அதே சாதா இரும்பு.

நீ ஏற்றினாய். இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "இரும்பு துருப்பிடிச்சா உப்பும்பா. உள்ள இருந்துக்கினே செங்கல்ல தூக்கும். வெளிய தெரியறப்போ நமக்கு நேரம் இருக்காது."

மூன்றாம் வருடம் வாசலின் மேல் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கசிவு இறங்கியது. அடுத்த வருடம் அதே மட்டத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். அதை முதலில் பார்த்தவன் நீ. நான் சிமெண்ட் வைத்து அடைத்து வெள்ளை அடிக்கச் சொன்னேன். பார்க்கிறவர்களுக்குச் சுவர் புதிதாகத் தெரிந்தது. உனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்து வைத்தாய். சுவர் நகர்ந்தால் அது உடையும்.

ஐப்பசி பிறந்தபோது என்னைத் தேடி வந்தாய். "கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்று மட்டும் சொன்னாய். மழை விடட்டும், பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். நீ எழுந்து போனாய்.

நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மதியம் நான் வாலாஜாபாத்தில் வேறு வேலையில் இருந்தேன். நீ சவுக்குக் கழிகளோடு, முட்டுக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருக்கிறாய். உள்ளே ஆறு பெண்கள் நூல் அலசிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு மேலிருந்து செங்கல் பொடி உதிர்வதைப் பார்த்ததும் கழிகளைப் போட்டுவிட்டு, எல்லோரையும் பின்பக்கமாகப் போகச் சொல்லியிருக்கிறாய். ஒருத்தி மட்டும் அண்டாவில் கிடந்த பட்டு நூலை எடுக்கத் திரும்பினாளாம். அவளை இழுத்துத் தள்ளிவிட்டாய். சுவர் உன் வலது காலின் மேல் இறங்கியது.

நான் வந்து சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆங்கிள் மழையில் கிடந்தது. ஏடு ஏடாகப் பிரிந்து, விரலால் பிய்த்தால் வந்தது. கிளாம்புகள் இருந்த இடத்தில் பழுப்புக் குழம்புதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலாளி உன் கட்டிலருகே நின்று, அந்த இரும்பை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான் உன் கால்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெச்சோம்."

அதன்பிறகு நீ சாரம் ஏறவில்லை. தரை வேலை, டைல்ஸ் வேலை என்று போனாய். ஏனாத்தூரில் ஒரு மாணவர் விடுதிக்கும் நான் அதே ஆங்கிளைப் போட்டிருந்தேன். உன் கால்கட்டுப் பிரித்த வாரமே என்னை அங்கே இழுத்துப் போனாய். பூச்சை உடைத்தால், ஆசிட் ஆவி இல்லாமலே, மழை ஈரத்தில் உள்ளே இரும்பு ஏற்கெனவே உப்பியிருந்தது. அதன் நேர் கீழே பையன்கள் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். கான்கிரீட் லிண்டல் மாற்றி முடிக்கும்வரை நீ அந்த அறைக்குள் ஒருவரையும் விடவில்லை. அப்போதும் நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்பது வருடம் போனது. பிறகு காய்ச்சல் என்று படுத்தாய், பத்து நாளில் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அந்த இரும்பை வைக்கச் சொன்னது நான், அவன் வேண்டாம் என்றான், பழியை மட்டும் பாதி எடுத்துக்கொண்டான் என்று சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவில்லை.

"தெரியும்ணா. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாரு. நீங்களா வந்து சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னாரு."

அந்த ஒன்பது வருடத்தில் அவர் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தெரிந்துகொண்டேதான் பரிமாறியிருக்கிறார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, நான் சொல்லப் போகும் நாளுக்குக் காத்திருந்திருக்கிறாய்.

இப்போது யாராவது சாதா இரும்பே போதும் என்று அவசரப்படுத்தினால் நான் வாதாடுவதில்லை. அந்தச் சுவருக்குக் கீழே தினமும் யார் யார் நிற்பார்கள் என்று பேர் பேராகச் சொல்லச் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் பெரும்பாலோர் மாறிவிடுகிறார்கள். மாறாதவர்களின் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். ஆனால் அந்தச் சுவர்களை வேறு யாரோ கட்டி முடித்துவிடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் அவற்றின் பக்கம் போய் நின்று, வாசலின் மேல் மூலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.