கூழ்ப்பானையைத் திறக்காதே

இன்று காலை மருமகள் கூழ் கரைத்தாள். மோரும் சின்ன வெங்காயமும் கலந்த அந்தப் புளித்த வாசனை கூடத்துக்கு வந்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் தெருக்கோடி வரை நடந்து திரும்ப வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. நேற்று வரை பாதித் தெருவிலேயே திரும்பிக்கொண்டிருந்தேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நம் இருவரில் வேகக்காரி நான்தானே!

நீ பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண், நான் ஆரம்பாக்கத்து வயல்காட்டுப் பெண். கும்மிடிப்பூண்டியில் தகர டப்பா செய்யும் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மூடி பொருத்தினோம். எழுபதுகளில் ஒருநாள், பெண்களையும் போலீசில் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். உன் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். உனக்கோ அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. போலீசில் சேர்ந்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் தை மாதம் கல்யாணம். தேர்வில் ஓட்டம் உண்டு. உனக்கு வராதது அது ஒன்றுதான்.

கம்பெனி ஆண்கள் ஓர் ஓட்டக் குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலையில் விடியும்போதே ஓடி ஏறி இறங்குவார்கள். அடிவாரத்து ஊரில், எங்கள் கம்பெனியில் சரக்கு ஏற்றும் லோடிங்காரர் ஒருவரின் வீடு. முந்தின ராத்திரி எல்லோரும் அங்கே தங்குவார்கள். காலையில் அவருடைய அம்மா கூழ்ப்பானையின் வாயைத் துணியால் கட்டிப் புளியமரத்தடியில் வைத்துவிடுவார். குழுவுக்கு ஒரே சட்டம்தான். கடைசி ஆள் இறங்கி வரும்வரை பானையைத் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவர் குழுவின் செக்ரட்டரி, லேத் ஓட்டுகிற மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னால் போய் நின்று, "நாங்களும் வரோம் சார். ரோட்டுல ஓடுனா ஊரே சிரிக்கும். மலையில யாரு பாக்கப் போறாங்க?" என்றாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டம் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சட்டம் உன்னால்தான் எங்கள் வயிற்றில் அடித்தது. ஆண்களோடு ஆணாக நான் இறங்கி வந்து பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வரவே மாட்டாய். தாவணியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, புழுதிக் காலோடு, ஒரு கோழி முந்திவிடும் வேகத்தில் வருவாய். செங்குத்தான இடத்தில் பெரிய ஓட்டக்காரர்களே முழங்காலில் கை ஊன்றி நடந்தார்கள். நீ நடந்து நான் பார்த்ததே இல்லை. "மெதுவா ஓடுனாலும் ஓட்டந்தான்டி" என்பாய்.

இரண்டாவது தடவை, ஊர் திரும்ப இருந்த ஒரே பஸ் உன்னால் போய்விட்டது. ஞாயிறும் ஓடுகிற கம்பெனி, எல்லோருக்கும் மதிய ஷிப்டு போயிற்று. செக்ரட்டரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா இது பேஜாரு? அடுத்த தபா பஸ்ஸ வுட்டா அத்தோட சரி. நீ வர வாணாம்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குத் தலையை முடிந்துகொண்டாய். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேற எங்கனா போயி ஓடிக்கலாம், வாடி" என்றேன். "எங்க?" என்று கேட்டாய். அடுத்த மாதமும் அதே மலைக்குத்தான் போனோம்.

மூன்றாவது தடவை ராத்திரி முழுக்க மழை. பாறையெல்லாம் வழுக்கியது. அன்றைக்கு நான் உன்னை விட்டுப் போகவில்லை. கடைசி வளைவில் திரும்பியபோது, கீழே பஸ் வந்து புளியமரத்தடியில் நிற்பது தெரிந்தது. நாம் இறங்குவதற்குள் அது நிச்சயம் போய்விடும்.

"போச்சுடி. இன்னும் எதுக்கு ஓடற? நடந்தே போலாம்."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ்ஸுதான நின்னுது? நான் நிக்கலியே" என்றாய்.

கீழே நடந்ததை லோடிங்காரர்தான் பிறகு சொன்னார். கண்டக்டருக்கு அந்தக் கூழ் என்றால் உயிர். மாதாமாதம் இறங்கி ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் விசில் ஊதுவாராம். போன தடவை நீ வராததால் அது கிடைக்காமலே போயிருந்தாராம். அன்றைக்கும் வந்து, "ஊத்து நைனா, டைம் ஆவுது" என்றிருக்கிறார். செக்ரட்டரி பானை வாயில் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"எங்க ஆளுங்க ரெண்டு பேரு மேல கீறாங்க. அவங்க வராம தொறக்க மாட்டோம்."

"அப்ப பஸ்ஸு கெளம்பிடும்."

"கெளம்பட்டும்."

கண்டக்டர் பஸ்ஸைப் பார்த்தாராம், பானையைப் பார்த்தாராம். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, "அண்ணே, டயர்ல காத்து கம்மியா கீதா பாருண்ணே" என்றாராம். டிரைவரும் இறங்கி ஒவ்வொரு டயராக நிதானமாக உதைத்துப் பார்த்தாராம்.

இது எதுவும் தெரியாமல் நீ மூச்சிரைக்க ஓடி வந்து, பானைப் பக்கமே திரும்பாமல் நேராகப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, ஷிப்டு போய்டும்!" என்று கத்தினாய். கண்டக்டர் அழாக்குறையாக, "அப்ப கூழு?" என்றார். பானை செக்ரட்டரி மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவரே துணியை அவிழ்த்து, முதல் சொம்பை உன்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு உன்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேர்வானாய். ஓட்டத்தில் தேறியவர்களில் கடைசி ஆள் நீதான் என்பதை என்னவோ மெடல் வாங்கியதைப் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாய். தை வந்தது, போனது. அந்த மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டான். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, காக்கிப் புடவையில் நீ முதல்முறை என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் பிள்ளை பயந்து அழுதான், நீயும் நானும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

போன வருஷம் நீ போய்விட்டாய். எதிலும் கடைசியாக வருகிறவள், இதில் மட்டும் என்னை முந்திக்கொண்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீ இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதடி.

இன்று பாதித் தெருவில் கால் கெஞ்சியது. மருமகள் வாசலில் சொம்போடு நின்று, "போதும் வாங்கத்த, கூழ் குடிக்கலாம்" என்றாள். "மூடி வையிம்மா, கடைசி ஆளு இன்னும் வர்ல" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தெருக்கோடி விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

நீயும் அங்கே ஏதாவது ஒரு மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பாய். எவ்வளவு பசித்தாலும் பானையைத் திறக்காதே. நான் வர நாளாகும். நாளைக்கு அடுத்த தெருவையும் சேர்த்துச் சுற்றப்போகிறேன்.