போர்வைக் கட்டோடு போன சொற்கள்

என்னங்க,

உங்களுக்கும் அத்தைக்கும் வணக்கம். அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? நான் சுகம்.

இங்கே ஒரு கூத்து. படித்துவிட்டுப் பதறக் கூடாது. என் கட்டிலில் முன்பு இருந்தவள் இந்த ஊர் பாஷையில் ஒரு துப்பறியும் நாவலை விட்டுப் போயிருந்தாள். பாஷை பழகலாமே என்று தினம் இரண்டு பக்கம் படிப்பேன். புதுச் சொற்களைச் சலவைக்கூடத்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். புத்தி கெட்டுப்போய், அப்படி ஒரு சீட்டை ஓட்டலுக்குப் போகும் போர்வைக் கட்டின்மேல் குத்திவிட்டேன்.

‘பூட்டை உடை. பின்சுவர். கயிறு. காவலாளியை மடக்கு.’ முன்பக்கம் என் வேலை எண் வேறு! ஓட்டல்காரர்கள் போன் போட்டுவிட்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் என் பாஸ்போர்ட். “யார்கூடச் சேர்ந்து போட்ட திட்டம் இது?” என்றார். என் வாயில் “புத்தகம், புத்தகம்” என்று மட்டும் வந்தது. கூட நின்ற சூப்பர்வைசர் அக்கா ஓடிப்போய் என் தலையணைக்கு அடியிலிருந்து நாவலை எடுத்து வந்தாள். நான் அடிக்கோடு போட்ட சொற்களை அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அரை மணி நேரம். கடைசியில், “சரி, போ. வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

லீவு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்கு இந்த ஊர் பாஷையில் சொல் தெரியவில்லை. இருநூறு பக்கத்தில் பூட்டை உடைக்கிறார்கள், சுவர் ஏறுகிறார்கள், ஒருத்தனாவது ஊருக்குப் போக லீவு கேட்கிறானா! ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

இனிமேல் சீட்டில் எழுதமாட்டேன். சின்னவளின் நோட்டு ஒன்று அனுப்புங்கள். புதுசு வேண்டாம், பாதி எழுதினது போதும். வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். அவள் எழுதின பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள்.