தேயிலைப் பெட்டியில் ஒரு துண்டுப் புல்தரை

இன்று காலை குன்னூரில், நம் மகளின் மூன்றாவது மாடி வீட்டுப் பால்கனியில், வேரோடு பெயர்த்த புல்லை ஒரு தட்டில் பரப்பிக்கொண்டிருந்தேன். அவள் வளர்க்கும் நாய்க்குட்டிக்குக் கழிப்பிடம். ஈரமண் வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. எழுந்து உலாத்தினேன்; உட்கார்ந்தேன்; மறுபடி எழுந்தேன். உங்களுக்கு எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது.

சிலோனில் அட்டன் பக்கமிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் நமக்கு ஒற்றை அறை வீடு கிடைத்த முதல் மழைக்காலம். கொழுந்தெடுத்துத் திரும்பும்போது ஒரு பெட்டை நாய்க்குட்டி என் பின்னாலேயே வந்துவிட்டது. நீங்கள் அதைத் தொடவில்லை, விரட்டவும் இல்லை. அந்த வாரமே பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிப்போனது. அதற்குப் பிறகு, பொழுது சாய்ந்தால் குட்டியை வெளியே விட முடியவில்லை. உள்ளே வைத்தால் பாயெல்லாம் ஈரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தேயிலைப் பெட்டியைக் குட்டையாக அறுத்தீர்கள். அடியில் தகரம், மேலே மணலும் அடுப்புச் சாம்பலும், அதன்மேல் சரிவிலிருந்து வெட்டிவந்த புல். குட்டி மோந்து பார்த்துவிட்டு என் பாயில் போய் நனைத்தது. மூன்று நாளும் அப்படியே. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சலித்துக்கொண்டேன். நீங்கள் அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தீர்கள். பிறகு, பாய்மேல் விரித்திருந்த, குட்டி நனைத்த சாக்கைக் கிழித்து, வாசனை பிடித்து வரட்டும் என்று புல்லுக்கு அடியில் செருகினீர்கள். மறுநாள் காலை அது தானாகவே பெட்டியில் ஏறியது.

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்காமல், சிலோனில் நாம் விட்டுவந்த நாயைப் பற்றிச் சொன்னீர்கள். ரயிலை, சிலோன் வழக்கப்படி, கடைசிவரை கோச்சி என்றே சொன்னவர் நீங்கள்.

"அட்டன்ல கோச்சி எடுத்தப்ப, நம்ம நாயி கயித்த அத்துக்கிட்டு ஓடியாந்திச்சி. வளைவு வரைக்கும் பாத்தேன். அதுலேர்ந்து எனக்கு ஒரு எடத்துல ஒக்கார முடியல."

"யாராச்சும் சோறு போட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னேன்.

குட்டி பதினோரு வருஷம் நம்மோடு இருந்தது. அத்தனை வருஷத்தில் நான் ஒருநாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அட்டனில் அந்த நாய் கயிற்றை அறுக்கவில்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தபோது நான்தான் அவிழ்த்துவிட்டேன். கட்டியபடியே இருந்தால் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று பயந்தேன். ரயிலடிவரை ஓடிவரும் என்று நினைக்கவில்லை.

உங்கள்மேல் உள்ள பாசத்தில் கயிற்றையே அறுத்துக்கொண்டு வந்தது என்று சாகும்வரை நம்பினீர்கள். நான் திருத்தவில்லை. அந்த நம்பிக்கை உங்களுக்குப் பாரமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.